பீரோ கம்பெனிச் சோறு

கேம்ப் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி சேலையூர் ஏரிப் பக்கம் நடந்தால், இடது கைப்பக்கம் மூன்று மாடி ஃபிளாட் ஒன்று புதிதாக வந்திருக்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கன்னியம்மா கேட்டுக்கு வெளியே நின்று ஒரு நிமிஷம் உள்ளே எட்டிப் பார்ப்பாள்.

"யாரைப் பாக்கணும்மா?" என்று வாட்ச்மேன் கேட்பான்.

"யாரையும் இல்லப்பா. என் அடுப்பைப் பாக்குறேன்."

அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்ப்பான். பார்த்துவிட்டுப் போகட்டும். மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு மாருதி கார் நிற்கிறதே, அதன் முன்சக்கரம் இருக்கும் இடத்தில்தான் அவளுடைய கோட்டையடுப்பு இருந்தது. காருக்குச் சொந்தக்காரர் யாரோ, அவருக்கு அந்த இடத்தில் எத்தனை அண்டா சாம்பார் கொதித்திருக்கும் என்று தெரிய நியாயமில்லை. கன்னியம்மாவுக்கு மட்டும் அந்தச் சிமெண்டுத் தரையைப் பார்த்தால் இன்னமும் கால் சுடுகிற மாதிரி இருக்கும். அப்புறம் கீரை வாங்கப் போய்விடுவாள்.

அங்கே ஒரு காலத்தில் பீரோ கம்பெனி இருந்தது. போர்டில் நீளமாக இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது, ஊரில் ஒருத்தரும் அதைப் படித்ததில்லை. எண்பதுகளில் பீரோ இல்லாமல் தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் ஒரு கல்யாணம் நடந்ததாகச் சரித்திரம் கிடையாது. பெண்ணுக்கு இருபது பவுன் போடுகிறவரும் பீரோ கொடுத்தார், குண்டுமணித் தங்கத்துக்கு வழியில்லாதவரும் கடன் வாங்கியாவது பீரோ கொடுத்தார். உள்ளே வைக்க என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கண்ணாடி வைத்த கதவும், உள்ளே ஒரு லாக்கரும் இருந்தால் சம்பந்தி வாய் மூடிக்கொள்வார். வைகாசியும் ஆவணியும் தையும் வந்தால் கம்பெனியில் மூச்சுவிட நேரமிருக்காது.

முதலாளி ஏகநாதன் உள்ளூர் விவசாயக் குடும்பம். ஏரித் தண்ணீர் பாய்ந்து நெல் விளைந்த பூமி அவருடையது. அக்கம்பக்கத்து நிலமெல்லாம் மனைக்கட்டுகளாகக் கல் நட்டுக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் தன் நிலத்தில் ஷெட் போட்டு மெஷினை இறக்கினார். இரும்பைப் பற்றி அவருக்கு அரைக்காசுக்குத் தெரியாது. ஆள் வைத்து வேலை வாங்க மட்டும் தெரியும். அதையும் அவர் வயல்காட்டில்தான் கற்றிருந்தார். நடவுக்கு ஆள் கூப்பிட்டால் மத்தியானம் சோறு போட வேண்டும், அறுப்புக்குக் கூப்பிட்டாலும் போட வேண்டும். பீரோ செய்யக் கூப்பிட்டுவிட்டு மட்டும் பட்டினி போடலாமா? ஆகவே, வெல்டரைத் தேடுவதற்கு முன்னால் அவர் சமைக்க ஆள் தேடினார். அப்படி வந்து சேர்ந்தவள் கன்னியம்மா.

அவள் புருஷன் குப்புராஜ் அப்போது பல்லாவரத்தில் லாரிக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். அவள் சொல்லித்தான் பீரோ கம்பெனிக்கு ஸ்பிரே பெயிண்டராக வந்தான். பொண்டாட்டிக்கு வேலை கிடைத்த இடத்துக்குப் பின்னாலேயே வந்து சேர்ந்தவன் என்பதை அவள் இன்றுவரை சொல்லிக்காட்டத் தவறியதில்லை.

பன்னிரண்டரை மணிக்கு அவள் வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டில் ஓர் இரும்புக் கம்பியால் நாலு தட்டு தட்டுவாள். தகடு வெட்டுகிற மெஷின் நிற்கும். வெல்டிங் வெளிச்சம் அணையும். திடீரென்று அவ்வளவு பெரிய ஷெட் அமைதியாகி, ஏர்ஃபோர்ஸ் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும் சின்ன விமானத்தின் சத்தம் காதில் விழும். முப்பது பேர் கையைக் கெரசினில் துடைத்து, சோப்பு போட்டு, வரிசையாக வந்து மரத்தடியில் உட்காருவார்கள். பெயிண்ட் நெடியும் சாம்பார் வாசனையும் கலந்து வரும். அந்தக் கலவையை வேறெங்கேயும் முகர முடியாது. புதன்கிழமையானால் கருவாட்டுக் குழம்பு. அன்றைக்கு யாருக்கும் காய்ச்சல் வராது, யாரும் லீவு போட மாட்டார்கள்.

வெல்டர் அசரியா கறுப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு முதல் கவளத்தை வாயில் போட்டதும் ஒரே பாட்டைப் பாடுவான்.

"அக்கா, உப்பு எங்க? இன்னிக்கும் கடைல கடன் குடுக்கலியா?"

"உனக்கு நாக்குல வெல்டிங் வச்சிட்டாங்கடா. மூடிக்கினு துன்னு."

ஏகநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மோர் வாளியைத் தூக்கிவருவார். அவர் ஒருநாளும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. எல்லாருக்கும் மோர் ஊற்றி முடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கப்பா" என்று ஒவ்வொருத்தனிடமும் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார். வீடு ஷெட்டுக்குப் பின்னால்தான்.

சனிக்கிழமை சம்பளம். ஆபீஸ் அறைக்கு ரோட்டுப்பக்கமாக ஒரு ஜன்னல் உண்டு. சாயங்காலம் எல்லாரும் குளித்து, தலை வாரி, அதன் முன்னால் வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொரு பேராகக் கூப்பிடக் கூப்பிட, போய்க் கவரை வாங்கிக்கொள்வார்கள். அந்தப் பதினைந்து நிமிஷம் முப்பது பேரின் முகத்திலும் ஒரு தெளிவு இருக்கும். அசரியா கூட அப்போது கிண்டல் பேச மாட்டான்.

கன்னியம்மா அண்டாவைத் தேய்த்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு அந்த வரிசையில் இடம் கிடையாது. அவளுக்கான பணத்தை முதலாளியின் மனைவி பொன்னியம்மாள் மாசக் கடைசியில் வீட்டுக் கொல்லைக் கதவண்டை கொடுப்பாள். வீட்டுச் செலவுப் பணத்திலிருந்து, மடித்து, வெற்றிலையில் வைத்து, சில சமயம் ஒரு பழைய புடவையோடு. வீட்டில் பாத்திரம் துலக்குகிறவளுக்கும் அதே கதவு, அதே வெற்றிலை. பொன்னியம்மாள் நல்ல மனுஷி, குறையாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த ஜன்னல் வரிசையில் நின்று, நாலு பேர் கேட்கத் தன் பேரைக் கூப்பிட்டு, ஒரு கவர் வாங்க வேண்டுமென்று கன்னியம்மாவுக்கு ஓர் ஆசை இருந்தது. முப்பது ஆம்பளைகளின் உடம்பு அவள் சோற்றில்தான் ஓடுகிறது, அப்படியிருக்க அவள் மட்டும் எப்படிக் கம்பெனி ஆள் இல்லாமல் போவாள்? இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

எண்பத்தெட்டில் சம்பள ஒப்பந்தம் முடிந்து, புது ஒப்பந்தம் பேச வேண்டிய நேரம் வந்தது. அதற்குள் கம்பெனியில் ஒரு சின்ன யூனியன் உருவாகியிருந்தது. நன்றாகப் பேசுவான் என்று குப்புராஜைச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள். நாளொன்றுக்கு ஐந்து ரூபாய் கூட்டித் தர வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை.

கம்பெனிப் பக்கம் பேச வந்தவர் பக்தவச்சலம். சிட்லபாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வருகிற அக்கவுண்டண்ட். பாங்கில் கடன் வாங்க வேண்டியிருந்ததால் ஏகநாதன் அவரைப் புதிதாக வைத்திருந்தார். ஒரு பீரோவுக்குத் தகடு எவ்வளவு, பெயிண்ட் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தவர், கூலியில் வந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"சார், நம்ம லேபர் காஸ்ட் கிண்டியில இருக்கறவங்களை விட ஜாஸ்தியா இருக்கு. ஏன்னு பார்த்தா, சாப்பாடு சார். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூணு ரூபா போகுது. அதையும் சம்பளமாத்தான் பார்க்கணும்."

"சோறு எப்டி சார் சம்பளமாவும்?" என்று குப்புராஜ் துள்ளினான். "அது மொதலாளி ஆசையா போடறது."

"ஆசையாப் போட்டாலும் அரிசியைக் காசு குடுத்துத்தானேப்பா வாங்கறோம்?"

இப்படி இரண்டு நாள் இழுத்தது. சோறு கூலியா, பிரியமா? பிரியம் என்றால் கணக்கில் எழுதக் கூடாது என்றான் குப்புராஜ். எழுதாவிட்டால் அரிசிக்கடைக்காரன் பிரியத்தை வாங்கிக்கொள்வானா என்றார் பக்தவச்சலம். ஏகநாதனுக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை. சாப்பிடுகிறவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சோற்றுக்கு விலை பேசுவதை அவர் வீட்டில் யாரும் செய்ததில்லை. மேஜை ஓரத்தைச் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வியாழக்கிழமை குப்புராஜுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "அது சம்பளம்தான்னா கையில குடுத்துடுங்க சார். நாங்க வூட்லர்ந்து எடுத்தாந்து துன்னுக்கறோம்!"

மடக்குவதற்காகச் சொன்னதுதான். ஆனால் பக்தவச்சலம் மடங்கவில்லை. "தாராளமா. சாப்பாட்டுக்கு மூணு, மேலே ரெண்டு. அஞ்சு ரூபா ஆச்சு, நீங்க கேட்டது," என்றார்.

கேட்டது முழுசாகக் கிடைத்த பிறகு எதிர்க்க என்ன இருக்கிறது? சனிக்கிழமை கையெழுத்து என்று முடிவாயிற்று. ஷெட்டில் ஒரே கொண்டாட்டம். ஒருத்தன் பீரோக் கதவில் தாளம் போட்டான். அசரியா சமையல் கொட்டகைக்கு ஓடிவந்தான்.

"அக்கா! அஞ்சு ரூபா ஏறிப்போச்சுக்கா! சோத்துக்குப் பதிலா துட்டாவே குட்..."

பாதியில் நின்றுவிட்டான். அவள் கையிலிருந்த கரண்டியை அப்போதுதான் பார்த்தான் போலிருக்கிறது. சோறு நின்றால் கொட்டகை நிற்கும், கொட்டகை நின்றால் அக்கா எங்கே போவாள் என்பது மண்டையில் ஏற அவனுக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. முப்பது பேர், முதலாளி, யூனியன் செயலாளர், படித்த அக்கவுண்டண்ட், ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை.

"அப்டியா? சந்தோசம்," என்றாள் கன்னியம்மா. சாம்பாரைக் கிண்டினாள். அடி பிடித்திருந்தது.

சாயங்காலம் குப்புராஜ் அல்வாப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தான். விளக்கு வைத்த நேரம். கை கால் கழுவிக்கொண்டு, ஜெயித்துவிட்டு வந்தவன் மாதிரி சப்பணம் போட்டு உட்கார்ந்தான்.

"கேள்விப்பட்டியாமே?"

"பட்டேன். மூணு ரூபான்னு எப்டிக் கணக்குப் போட்டீங்க?"

"அரிசி, பருப்பு, காய், எண்ணெ, மோரு, வெறகு. எல்லாம் உக்காந்து பாத்தாச்சு. பைசா சுத்தம்."

"வேற ஒண்ணும் இல்லியே?"

"வேற இன்னா கீது? அவ்ளோதான்."

"சரி, உக்காரு. சோறு போடறேன்."

உள்ளே போனவள் அலுமினியத் தட்டை எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தாள். தட்டில் ஒரு பிடி புழுங்கலரிசி. பக்கத்தில் கொஞ்சம் துவரம்பருப்பு. வெட்டாத இரண்டு கத்தரிக்காய். ஒரு கரண்டி எண்ணெய். தட்டோரமாக ஒரு சவுக்கு விறகுத் துண்டு.

"இன்னாமே இது?"

"சோறுய்யா. சனிக்கிழமை நீ கையெழுத்துப் போடப்போறியே, அந்தச் சோறு. அரிசி கீது, பருப்பு கீது, வெறகும் கீது. எதுனா கொறையுதா, பாத்துச் சொல்லு."

அவன் தட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடியும் தட்டைப் பார்த்தான்.

"உனக்குத்தான் பொன்னியம்மா குடுக்கறாங்களே..."

"அது அவுங்க வூட்டுத் துட்டு. உங்க கம்பெனிக் கணக்குல நான் எங்கய்யா கீறேன்? காலைல ஆறு மணிக்கு அடுப்புல தலய வுட்டா மூணு மணிக்கு எடுக்கறேன். அரிசி தானாவா பொங்கிச்சு இத்தினி வருசம்? ஊருக்கெல்லாம் கூலி கேட்டு வாங்கித் தர்றே. கூடப் படுக்கறவ வேல செய்றது கண்ணுக்குத் தெரியலியா உனுக்கு?"

கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனும் கத்தியிருப்பான், விஷயம் சண்டையாக முடிந்திருக்கும். அவள் குரல் உடைந்துபோயிருந்தது. குப்புராஜ் அன்றைக்கு அல்வாவை மட்டும் தின்றுவிட்டுப் படுத்தான். அது தொண்டையில் இறங்கவே இல்லை என்று பிற்பாடு அவனே சொன்னான்.

சனிக்கிழமை காலை சைக்கிள் கேரியரில் நியூஸ்பேப்பரில் சுற்றிய ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு போனான். மத்தியானம் எல்லாரும் ஷெட்டில் கூடினார்கள். பக்தவச்சலம் பேனாவைத் திறந்தார். குப்புராஜ் மேஜைமேல் அந்த அலுமினியத் தட்டை வைத்து, விறகைப் பக்கத்தில் வைத்தான்.

"கையெழுத்துக்கு முந்தி ஒரு விசயம். இந்தச் சோத்தை யாருனா துன்னுக் காட்டுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். வியாழக்கிழமை வீட்டில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னான், அல்வா உட்பட. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஏகநாதன் தலையைக் குனிந்துகொண்டார். பக்தவச்சலம் கண்ணாடியைக் கழற்றி, "அட ராமா! சமைக்கற கூலியை விட்டுட்டேனே," என்றார். எங்கள் ஆபீஸ் கணக்கில் வரவில்லையே என்று அவர் சாக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, அது அவர் பெருந்தன்மை. ஒரு காகிதத்தை இழுத்துப் போட்டுக் கணக்குப் பார்த்தார்.

"ஆளுக்கு அரை ரூபா சேரணும். அப்போ சாப்பாட்டோட அடக்கம் மூணரை. கம்பெனியால அஞ்சு ரூபாய்க்கு மேல போக முடியாது, அது சத்தியம். ரெண்டு வழி இருக்கு. சாப்பாட்டை நிறுத்தினா கையில அஞ்சு ரூபா கூடும். சாப்பாடு இருந்து, கன்னியம்மா கம்பெனி சம்பளத்துக்கு வந்தா, கையில ஒன்றரைதான் கூடும். எதுங்கறதை நீங்கதான் சொல்லணும்."

"ஆளுங்களையே கேளுங்க," என்றார் ஏகநாதன். "நான் சொன்னா நல்லாருக்காது."

ஐந்து ரூபாய் என்றால் அப்போது சும்மா இல்லை. மாசத்துக்குப் பார்த்தால் பாதிப் பேருக்கு வீட்டு வாடகை அதில் அடங்கும். வீட்டில் பெண்டாட்டி எப்படியும் சமைக்கிறாள், ஒரு டப்பாவில் போட்டு எடுத்துவந்தால் ஆயிற்று. கையில் வருகிற காசை வேண்டாமென்று சொல்ல யாருக்கு மனசு வரும்? அவர்களை ஒரு குறையும் சொல்ல முடியாது.

கன்னியம்மா வேப்பமரத்தடியில், மணியடிக்கிற கம்பியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். பன்னிரண்டரை தாண்டிவிட்டது. உள்ளே எல்லாம் தெரிந்தது, எல்லாம் காதில் விழுந்தது. வேண்டாம் என்று மற்ற எல்லாரும் சொல்லிவிட்டால் கூடப் பரவாயில்லை, குப்புராஜ் ஒருத்தன் வேண்டும் என்று சொன்னால் போதும் என்றிருந்தது.

"சோறு வேணுங்கறவங்க கை தூக்குங்கப்பா," என்றார் பக்தவச்சலம்.

முதலில் தூக்கியவன் அசரியா. "உப்பு போடத் தெரியாதுதான். இருந்தாலும் எங்க அக்கா வூட்டுக்குப் போயிட்டா நான் யாரத் திட்டுவேன்?" என்றான். தகடு வளைக்கிறவர்கள் மூன்று பேர் தூக்கினார்கள். அப்புறம் புதன்கிழமைக் கருவாட்டை நினைத்துக்கொண்டோ என்னவோ, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைகள் எழுந்தன. இரும்புத்தூளும், பெயிண்டுக்கு முன்னால் தகட்டில் பூசுகிற பட்டியும் ஒட்டிய கைகள். பாதிக்கு மேல் ஆனதும் பக்தவச்சலம் எண்ணுவதை நிறுத்திவிட்டு, "சாப்பாடு இருக்கும்," என்றார்.

குப்புராஜ் கை தூக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றான்.

அவன் பக்கத்து நியாயம் அவளுக்குத் தெரியாமலில்லை. செயலாளர். பெண்டாட்டிக்காக யூனியனை வளைத்துவிட்டான் என்று பேர் வந்தால் அப்புறம் யார் அவன் பேச்சைக் கேட்பார்கள்? தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, தன் மானம் போனாலும் போகட்டுமென்று பேசினவனும் அவன்தானே. எல்லாம் சரி. புத்திக்குத் தெரிந்தது மனசுக்குத் தெரிய வேண்டாமா? அன்றைக்கு அவள் மணியடித்த அடியில் மரத்திலிருந்த காக்காயெல்லாம் பறந்துபோயிற்று.

அடுத்த சனிக்கிழமை பொங்கலுக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, அவள் ஜன்னல் வரிசையில் நின்றாள். அசரியா வழிவிட்டு, "லேடீஸ் ஃபர்ஸ்ட்டுக்கா," என்றான். "ஒண்ணும் வாணாம், என் எடம் வரட்டும்," என்று சொல்லிவிட்டாள். குப்புராஜ் அவளுக்குப் பின்னால்தான் நின்றான். "கன்னியம்மா!" என்று ஜன்னலுக்குள்ளிருந்து பக்தவச்சலம் கூப்பிட்டது தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். கவரை வாங்கிக்கொண்டு அவள் வீடு வரைக்கும் பிரிக்கவில்லை. வாசல்படி ஏறும்போதுதான் சொன்னாள்.

"நீ கை தூக்கல."

அதற்கப்புறம் ஒன்பது வருஷம் அந்த வார்த்தை அந்த வீட்டில் உப்பு மாதிரி எல்லாவற்றிலும் விழுந்தது. அவன் காபி ஆறிவிட்டது என்றால், "நீதான் கை தூக்கலியே." மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது, "கை தூக்கற பையனாப் பாரு." முதலில் கோபமாகச் சொன்னாள், பிறகு பழக்கமாகச் சொன்னாள், கடைசியில் சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரிப்புக்கு அடியில் ஒரு முள் இருந்ததென்னவோ உண்மை. அவன் பதில் சொன்னதே இல்லை.

அந்த ஒன்பது வருஷத்தை நினைத்தால் அவளுக்கு இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. பக்தவச்சலம் சிட்லபாக்கத்திலிருந்து கொண்டுவரும் தயிர்சாதத்தைத் திறக்காமலே திருப்பிக்கொண்டு போய், இங்கே ரசம் சாதத்துக்கு உட்கார ஆரம்பித்தது. மழைக்காலத்தில் கொட்டகை ஒழுகி, ஒரு பீரோவைப் படுக்கப் போட்டு அதன்மேல் காய் நறுக்கியது. பொன்னியம்மாள், சம்பளம்தான் கம்பெனியில் வருகிறதே என்று விட்டுவிடாமல், பொங்கலுக்கு ஒரு புடவையைக் கொல்லைக் கதவண்டையே கொடுத்துக்கொண்டிருந்தது. இதெல்லாம் போய்விடும் என்று யாருக்கு அப்போது தெரிந்தது?

தொண்ணூற்றைந்துக்கு மேல் ஆர்டர் குறைந்தது. புதிதாக வீடு கட்டுகிறவர்கள் சுவரிலேயே அலமாரி வைத்துக் கதவு போட்டுக்கொண்டார்கள். பீரோ செய்து விற்பதைவிட, அது நிற்கிற மண்ணை விற்றால் பல மடங்கு கிடைக்கும் என்கிற நிலைமை. ஏகநாதனின் பிள்ளைகளுக்குக் கம்பெனியில் நாட்டமில்லை. தொண்ணூற்றேழு ஆடியில் மூடுவதென்று முடிவாயிற்று. ஒருத்தருக்கும் பாக்கி வைக்காமல், கன்னியம்மாவையும் சேர்த்து, எல்லாருக்கும் நியாயமாகத்தான் கொடுத்தார்.

கடைசி நாள் சனிக்கிழமை. மெஷினெல்லாம் ஏற்கனவே லாரியில் போய்விட்டது. காலையில் எல்லாரும் காலி ஷெட்டில் கூடியிருந்தார்கள். ஏகநாதன் அவளைக் கூப்பிட்டார். அவருக்கும் வயதாகிவிட்டது.

"கன்னியம்மா, இன்னிக்கி ஒரு நாளாவது நீயும் உக்காந்து சாப்பிடும்மா. அடுப்பு பத்த வெக்க வேணாம். தாம்பரத்துலர்ந்து பிரியாணி சொல்லிடறேன்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். பின்வரிசையில் ஒருத்தன் விசிலடித்தான். கன்னியம்மாவும் "சரிங்க மொதலாளி" என்றாள். ஆனால் உள்ளே என்னவோ அறுந்த மாதிரி இருந்தது. கடைசி நாளில் தன் அடுப்பு சில்லென்று கிடக்கப்போகிறது. இத்தனை வருஷம் பொங்கினவளுக்கு ஒருநாள் ஓய்வு கொடுப்பது மரியாதைதான். அந்த மரியாதையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

"எத்தினி பிரியாணி? கை தூக்குங்கப்பா," என்றார் ஏகநாதன்.

ஷெட் முழுக்கக் கைகள் எழுந்தன. அசரியா இரண்டு கையையும் தூக்கினான். பக்தவச்சலம் தனக்கு மட்டும் வெஜிடபிள் என்றார். எண்ணி முடித்துவிட்டு ஏகநாதன் திரும்பும்போது, சுவரோரமாக நின்றிருந்த குப்புராஜ் ஓரடி முன்னால் வந்தான். அவனுக்குத் தலை நரைத்திருந்தது. பெயிண்ட் புகை சேர்ந்து சேர்ந்து மூச்சு வாங்கும்.

"மொதலாளி, இன்னொரு தபா கேளுங்க. கன்னியம்மா சோறு யாருக்கு வேணும்னு கேளுங்க."

ஏகநாதனுக்குப் புரியவில்லை. ஆனாலும் கேட்டார். "கன்னியம்மா சோறு யாருக்குப்பா வேணும்?"

குப்புராஜ் வலது கையை மேலே தூக்கினான். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி, முழங்கை காதில் ஒட்ட, நெட்டுக்குத்தலாக. நகக்கண்ணில் பச்சைப் பெயிண்ட் இருந்தது. அத்தனை பேர் நடுவில் ஒற்றைக் கை. எண்பத்தெட்டில் அங்கே இருந்தவர்களுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கன்னியம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது. அவள் அதை மறைக்கவில்லை. முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

"இப்பத் தூக்கி இன்னாய்யா பிரயோஜனம்? எறக்கு, தோள்பட்ட வலிக்கப்போவுது."

"நீ மொதல்ல அடுப்பைப் பத்த வை."

"எக்கா," என்று அசரியா தன் கைகளில் ஒன்றை மடக்கிக்கொண்டு சொன்னான், "பிரியாணிய எறக்கிட்டேன். இது உன் சோத்துக்கு. உப்பு மட்டும் பாத்துப் போடு."

அன்றைக்குப் பிரியாணி வரவில்லை. ஏகநாதன் முதல்முறையாக மரத்தடியில் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார், பொன்னியம்மாள் மோர் ஊற்றினாள். சாயங்காலம் ஜன்னல் வரிசையில் கன்னியம்மா தன் இடத்தில் நின்று கடைசிக் கவரை வாங்கினாள். "அக்கா உலை கொதிக்கிற வரைக்கும் அந்த மனுசன் தூக்கின கைய எறக்கவே இல்ல" என்று அசரியா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். அது கொஞ்சம் ஜாஸ்தி. விறகு பற்றிக்கொள்கிற வரைக்கும்தான் தூக்கிக்கொண்டு நின்றான். ஆனால் நல்ல காய்ந்த சவுக்கு விறகை வைத்துக்கொண்டு, அன்றைக்கு அந்த அடுப்பைப் பற்றவைக்கக் கன்னியம்மா ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.